மூன்று சதவீதம்

நூறில் போகும்போது இதற்கு ஒரு குறையும் கிடையாது.
மணாலியிலிருந்து மலையேறியபோதும் இல்லை.
அரியாங்குப்பம் பாலத்தில்,
முன்னால் டவுன் பஸ், பக்கத்தில் மீன் ஏற்றிய குட்டியானை,
இரண்டாவது கியரில் ஊரும்போதுதான்
ஜெர்க் அடிக்கும்.
ஆக்சிலேட்டரை மயிரிழை திறந்தால் ஒரு உதை,
மூடினால் ஒரு முட்டு.
முட்டுக்கு முட்டு
சிற்றம்பலத்தின் ஹெல்மெட் பின்னாலிருந்து வந்து
என் ஹெல்மெட்டில்
டொக்.

போன தையில் அவருக்கு முதுகில் ஆபரேஷன்.
அதற்கு முன்னால் ஓட்டியது அவர், பின்சீட் என்னுடையது.
வலிக்கிறதா என்று கேட்டால்
ரோடு அப்படி என்பார்.
ரோடு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

முதுநகரில் ஹபீபுல்லா
லேப்டாப்பை ஐஸ்பெட்டி மேல் வைத்தான்.
முதலில் கேபிளின் தொய்வை எடுத்தான்.
பிறகு இரண்டு சிலிண்டருக்கும் குழாய் மாட்டி
மூச்சு சமமா என்று பார்த்தான்.
இடது கொஞ்சம் கூடுதலாக இழுத்தது.
ஒரு திருகு, கால் சுற்று.
"இது பாதிதான்க்கா. மீதி உள்ள இருக்கு."

உள்ளே ஓர் அட்டவணை.
மேலிருந்து கீழே சுற்று, இடமிருந்து வலம் திறப்பு,
கட்டத்துக்கு ஒரு எண்: இவ்வளவு பெட்ரோல்.
மாவட்டக் கருவூலத்தில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள்,
கட்டம் பார்த்தால் கை தானாகக் கூட்டும்.
எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று
அவன் விரல் வைப்பதற்குள் நானே வைத்தேன்.
இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை,
திறப்பு இரண்டு, மூன்று, ஐந்து சதவீதம்.
புகை அளப்பவர்கள் கருவியோடு நிற்கிற இடமாம்.
அங்கே வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்.
நாங்களோ முக்கால்வாசி நாள்
அந்தக் கட்டங்களுக்குள்தான் ஓட்டுகிறோம்.

நாலு சேர்த்தான். போய்ட்டு வாங்க.
சிப்காட் வரை போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பினேன்.
புகைக்குழாயில் திருகிய சென்சாருக்கு
அந்த நாற்றம் கணக்கில் வராது போல.
ஆறு. மறுபடி ஓட்டம்.
எட்டில் கனத்துவிட்டது,
ஈர விறகு மூட்டிய அடுப்பு மாதிரி.
ஒன்று எடுத்தான்.
நாலு மணிக்கு மேல் அவன் பேசவில்லை, நானும்.
டீ ஏடு கட்டிக் கிடந்தது.

ஞாயிறு புதுச்சேரிக்குப் போய்
சாயங்காலம் திரும்புகிறோம்.
மரப்பாலம் நெரிசல். சத்தமில்லை.
அரியாங்குப்பம் பாலம். சத்தமில்லை.
தவளக்குப்பத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது.
சிக்னலில் இறங்கிவிட்டாரோ?
இடது கையைப் பின்னால் விட்டுத் தடவினேன்.
முழங்கால் இருந்தது.
கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால்
பின்பெட்டி மெத்தையில் சாய்ந்து,
வாய் லேசாகத் திறந்து
தூங்குகிறார்,
ஏழு மாதமாக ராத்திரியெல்லாம்
ஒருக்களித்தும் குப்புறவும் புரண்ட மனிதர்.

கிருமாம்பாக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரிசர்வ்.
பிறகு முள்ளோடை.
எல்லைக்கு முன் கடைசி பங்குகள்.
லிட்டருக்கு அத்தனை மலிவு என்று
பாதிக் கடலூர் வரிசையில் நிற்கிறது, சிலர் கேனோடு.
நிறுத்தினால் விழித்துவிடுவார்.
எங்கள் ஊரில் எவளும் செய்யாததை
நான் செய்தேன்:
மணிக்கட்டை அசைக்காமல்
மூன்று சதவீதத்தில் பிடித்தபடி
முள்ளோடையைக் கடந்தேன்.
கருவூலக்காரி, விலைப்பலகைப் பக்கம்
திரும்பக்கூட இல்லை.

பெண்ணையாற்றுப் பாலத்தின் இணைப்பு ஒன்றில்
சக்கரம் ஏறி இறங்கியது.
டொக்.
"என்ன?" என்றார், பாதித் தூக்கத்தில்.
ரோடு, என்றேன்.